கேமரா என்றால் அறை

ஜெசிந்தா டீச்சருக்கு முப்பத்து நான்கு வயது. அவருடைய மாணவர்களில் மிக இளையவருக்கு நாற்பத்தொன்று.

கோவையில் ஒரு மாதா கோயிலின் மறைக்கல்விக் கூடத்தில் தினமும் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை வகுப்பு. ஆட்டோ ஓட்டுபவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் பெண்கள், துணிக்கடைக்காரர்கள் என்று பன்னிரண்டு பேர் வருவார்கள். ஆங்கிலம் கற்க வந்தவர்கள்தான். ஆனால் டீச்சர் ஒரு நாளைக்கு ஒரு சொல்லுக்கு மேல் சொல்லித் தரமாட்டார். ஏழு வருடம் கன்னியர் மடத்தில் இருந்து லத்தீன் படித்துவிட்டு, ஆயுளுக்கும் கன்னியராகவே இருப்பேன் என்ற கடைசி வாக்குக் கொடுக்காமல் வெளியே வந்தவர் அவர். ஏன் வந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

கோட்டைச்சாமிக்கு ஐம்பத்தெட்டு. பரமக்குடிப் பக்கம். ஒரு பெண்கள் விடுதியில் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை காவல். வேலை முடிந்ததும் நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். விடுதி வாசலை ஒட்டிய அறைதான் அவருக்கும் அவர் மனைவிக்கும் வீடு.

சேர்ந்த மூன்றாம் வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார். சட்டையின் முதுகில் செக்யூரிட்டி என்று எழுதியிருக்கிறது. ஒன்பது வருடமாக அதைச் சுமக்கிறார். அதற்கு என்ன அர்த்தம்?

டீச்சர் பலகையில் இரண்டு துண்டாக எழுதினார். லத்தீனில் 'சே' என்றால் இல்லாமல். 'கூரா' என்றால் கவலை.

"கவலை இல்லாமல்," என்று படித்தார் கோட்டைச்சாமி. "அப்ப இது என் வேலையோட பேரு இல்லையா, டீச்சர்?"

"இல்லை, ஐயா. உள்ளே இருக்கிற பெண்களோட நிலைமைக்குப் பேரு."

"அவுகளுக்கு அது இருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"அதை நீங்கதான் வந்து எனக்குச் சொல்லணும்," என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து அவர் வேறு மாதிரி கவனிக்கத் தொடங்கினார். அதுவரை அவர் பார்த்ததெல்லாம் வாசலை. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், நோட்டில் கையெழுத்து இருக்கிறதா. இப்போது அவர் உள்ளே இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தார். நான்கைந்து நாளில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பின்கட்டில் இருக்கும் மூன்று குளியலறைகளில் யார் குளித்தாலும் விளக்கு எரியவில்லை. விடியாத நேரத்தில்கூட இருட்டிலேயே குளித்துவிட்டு வந்தார்கள்.

தமயந்தி என்ற பெண் அங்கே ஒரு வருடமாக இருந்தாள். அரூருக்குப் பக்கத்து ஊர். பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஒரு நாள் காலை அவள் வாசலில் பால் வாங்க வந்தபோது, பல்பு போய்விட்டதா, மாற்றித் தரட்டுமா என்று கேட்டார்.

பல்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். போன மாதம் மூன்றாவது குளியலறையில் மேனேஜர் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார். சுவிட்ச் போட்டால் அது ஓடுவதில்லை. ஆனால் கரண்ட் ஒயர் போக அதற்கு இன்னொரு ஒயரும் போகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எந்தக் குளியலறையிலும் யாருக்கும் விளக்குப் போட மனம் வரவில்லை. மேனேஜரிடம் கேட்டதற்கு, பிடிக்காவிட்டால் காலி செய்துகொண்டு போ என்றார்.

ஒன்பது மணிக்குள் எல்லாப் பெண்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். கோட்டைச்சாமி ஏணியை எடுத்துக்கொண்டு போனார். டார்ச் அடித்துப் பார்த்தார். விசிறியின் நடுவே, கொத்துமல்லி விதையளவு ஒரு கண்ணாடி இருந்தது.

அவர் அதைத் தொடவில்லை. மெதுவாக இறங்கினார். கால் வைக்க வேண்டிய படி எது என்று இரண்டு முறை தடுமாறினார்.

குழாய் ரிப்பேர் என்று ஓர் அட்டையில் எழுதி, மூன்றாவது குளியலறையைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குமேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மேனேஜர், முதலாளியின் மச்சினன். போலீசுக்குப் போனால் வேலை போகும். வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். மனைவிக்கு முழங்கால் பிடிப்பு, நடக்க முடியாது. நாம் பார்த்ததே தப்பாக இருந்தால் என்றும் ஓர் எண்ணம். அது தப்பில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் பெஞ்சைவிட்டு எழவில்லை. நடந்ததை எல்லாம் டீச்சரிடம் சொன்னார். போலீசுக்குப் போகட்டுமா வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்:

"கேமரான்னா என்ன அர்த்தம், டீச்சர்?"

டீச்சர் எழுந்தார். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். கதவையும் சாத்தித் தாழிட்டார். கூடம் கும்மிருட்டானது. தெருப்பக்கத்து ஜன்னல் பழைய மரப்பலகை. அதில் ஓரிடத்தில் ஆணி விழுந்து போன துளை ஒன்று இருந்தது. தெருவில் வெயில் ஏறியிருந்தது. அந்தத் துளை வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது.

கொஞ்சம் கண் பழகியதும் கோட்டைச்சாமி பார்த்தார். சுவரில் தெரு தெரிந்தது. தலைகீழாகத் தெரிந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடி கீழேயும் வாசல் மேலேயும் இருந்தன. ஒரு சைக்கிள் சக்கரம் வானத்தைப் பார்க்கப் போயிற்று.

"இதுதான் கேமரா," என்றார் டீச்சர்.

"மெஷின் எங்க இருக்கு?"

"மெஷின் அப்புறம் வந்தது. அந்தச் சொல்லுக்கு அறைன்னுதான் அர்த்தம். இந்த மாதிரி இருட்டறை."

எதிர்வீட்டுக் குழாயடிக்கு ஒரு பெண் வந்தாள். குடத்தை வைத்துவிட்டு, தெருவில் யாரும் இல்லை என்று இரு பக்கமும் பார்த்துக்கொண்டு, மாராப்பைத் தளர்த்தி உதறிச் சரிசெய்தாள். அதுவும் சுவரில் தலைகீழாக நடந்தது. கோட்டைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் குனிஞ்சுட்டீங்க, ஐயா?"

"நாம இங்க உக்காந்திருக்கறது அந்தப் பொம்பளைக்குத் தெரியாதே, டீச்சர்."

இருட்டில் டீச்சர் எங்கே நிற்கிறார் என்பதுகூடத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"இந்த அறையில நீங்க யாரு?"

கோட்டைச்சாமி எழுந்தார். பெஞ்சில் இடித்துக்கொண்டு, தடவிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. சுவரில் இருந்த தெரு காணாமல் போயிற்று.

"ஸ்டேஷன் பக்கத்துலதான இருக்கு?" என்று கேட்டார்.

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அன்று மதியத்துக்குள் பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து அந்த விசிறியைக் கழற்றினார். மேனேஜரின் செல்போனையும் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இருட்டிலும் படம் பிடிக்கிற கேமரா அது; அவற்றில் ஒரு மாதப் படம் இருந்தது. மேனேஜர் கைதானார். மாலைக்குள் கோட்டைச்சாமியின் தட்டுமுட்டுச் சாமான்கள் விடுதி வாசலுக்கு வெளியே கிடந்தன. அவரும் மனைவியும் நான்கு நாள் கோயில் கூடத்திலேயே தங்கினார்கள். பிறகு ஆட்டோக்கார மாணவர் ஒருவர் தன் தெருவில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தார். இரும்புச் சாமான் குடோன் ஒன்றில் பகல் காவல் வேலையும் கிடைத்தது.

புகார் எழுதிய நாளில் பதினொரு பெண்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். விடுதி மூடியதும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதற்குள் ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஒருத்தியின் அண்ணன், அவள் பேரே இந்த வழக்கில் வரக்கூடாது என்று வந்து சண்டை போட்டான். மற்றவர்கள் போனை எடுக்கவில்லை. சாட்சி சொல்கிறேன் என்று நின்றது தமயந்தி மட்டும்தான். அவள் அப்போது திருப்பூரில் இருந்தாள்.

விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது அவளும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அரசு வக்கீல் அம்மாள் கோட்டைச்சாமியைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். மேனேஜரின் ஆட்கள் யாரோ தமயந்திக்குப் போன் செய்திருக்கிறார்கள். கோர்ட்டில் கேமரா வைத்துத்தான் உன்னை விசாரிக்கப் போகிறார்கள், ஆர்டரிலேயே போட்டிருக்கிறது, எடுத்துப் படித்துப் பார் என்றிருக்கிறார்கள். அவள் படித்துப் பார்த்திருக்கிறாள். ஆங்கிலத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. இன் கேமரா. அதற்குப் பிறகு அவள் வக்கீலின் போனையும் எடுக்கவில்லை.

ஆர்டர் நகலை வாங்கிக்கொண்டு அவர் காலை வகுப்புக்கு வந்தார். அந்த இரண்டு சொல்லுக்கும் கீழே விரலை வைத்தார்.

"நெசமாவே கேமரா வைக்கப் போறாகளா, டீச்சர்?"

"இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"அறை."

"முன்னாடி இருக்கிற 'இன்'?"

"உள்ள."

"சேர்த்துப் படிங்க."

"அறைக்குள்ள," என்றார் கோட்டைச்சாமி. பிறகு இன்னொரு முறை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "கதவைச் சாத்திக்கிட்டு, அறைக்குள்ள," என்றார். "யாரும் பாக்காம."

வக்கீல்கள் அந்தப் பழைய அர்த்தத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றார் டீச்சர். கோட்டைச்சாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. திருப்பூருக்கு ஒன்றாகப் போய் அந்தப் பெண்ணிடம் சொல்லலாம் என்று டீச்சரைக் கூப்பிட்டார். அவர் மறுத்துவிட்டார்.

"எனக்கு இந்தச் சொல் புத்தகத்துல கிடைச்சது. உங்களுக்கு ஏணி ஏறிக் கிடைச்சது. நீங்க சொன்னாத்தான் அந்தப் பொண்ணு நம்பும்."

அவர் குடோனுக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். கம்பெனி வாசலில் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை காத்திருந்தார். தமயந்தி தலையெல்லாம் பஞ்சோடு வெளியே வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றாள். திட்டுவார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்காரவைத்து, முதலில் அவளைச் சாப்பிடச் சொன்னார். அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஒரு மாதம் அவள் குளித்ததை யார் யாரோ பார்த்திருக்கிறார்கள். இப்போது அதைப் பற்றி அவள் அழுதுகொண்டே பேசுவதையும் படம் எடுத்தால், அதுவும் கை மாறிக் கை மாறி ஊருக்கே போகும். தன்னால் இன்னொரு முறை தாங்க முடியாது என்றாள்.

கோட்டைச்சாமி ஆர்டர் நகலைப் பிரித்து அவள் மடியில் வைத்தார்.

"கேமரான்னா அறை, தாயி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சொல் எங்கிருந்து வந்தது, இருட்டுக் கூடத்தில் சுவரில் தெரு தெரிந்தது, அந்தக் குழாயடிப் பெண்ணைப் பார்க்க முடியாமல் தான் தலை குனிந்தது, எல்லாவற்றையும் அவர் சொன்னார். ஜட்ஜ் அம்மா, இரண்டு பக்கத்து வக்கீல்கள், எழுதுபவர், இவ்வளவு பேர்தான் உள்ளே இருப்பார்கள். வேடிக்கை பார்க்க ஒருத்தரும் வர முடியாது. படம் கிடையாது. பேப்பரில் பேர் வராது.

"அவன்?" என்று கேட்டாள் தமயந்தி.

அதற்குப் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "அவன் இருப்பான், தாயி. அது சட்டம். வேணும்னா நடுவுல திரை கட்டச் சொல்லிக் கேக்கலாம்னு வக்கீலம்மா சொன்னாக."

அவள் நகலைக் கையில் எடுத்தாள். அந்த இரண்டு சொல்லையும் எழுத்துக் கூட்டி வாய்க்குள் படித்தாள். கம்பெனியில் திரும்ப மணி அடிக்கப் போகிறது என்று டீக்கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டினார்.

"திரை வேண்டாம்ணா," என்றாள். "இந்தத் தடவை நான் அவனைப் பாக்கறேன்."

பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

விசாரணை நாளன்று கோர்ட்டு வராந்தாவில் மேனேஜரின் சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். தமயந்தி வரும்போது ஒருவன் வேண்டுமென்றே செல்போனை உயர்த்திப் பிடித்தான். டவாலி அவனை அதட்டி, எல்லாரையும் படிக்குக் கீழே அனுப்பினார். கோட்டைச்சாமியும் ஒரு சாட்சி. அதனால் அவரும் உள்ளே போகக்கூடாது. கதவுக்கு வெளியே நிற்கலாமா என்று டவாலியிடம் கேட்டார். நில்லுங்கள், ஆனால் உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது என்றார் அவர்.

தமயந்தி வாசற்படியில் ஒரு நிமிடம் நின்றாள். அவள் முழங்கால் நடுங்குவது சுடிதாரையும் மீறித் தெரிந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

கோட்டைச்சாமி கதவுக்கு முதுகு காட்டி நின்றார். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை ஆண்குரல் ஒன்று உயர்ந்து, உடனே ஒரு பெண்குரல் அதை அடக்கியது. அது யாருடையது என்று தெரியவில்லை. டவாலி ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அவர் உட்காரவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தமயந்தியின் கண் சிவந்திருந்தது. அவள் நேராக அவரிடம் வந்தாள்.

"பசிக்குதுண்ணா."

கோர்ட்டு கேன்டீனில் அவள் முழுச் சாப்பாடு சாப்பிட்டாள். ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்டார் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மேனேஜர் கடைசிவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை மட்டும் சொன்னாள். மோர் குடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து மற்றப் பெண்களுக்குப் போன் போட்டாள். முதல் மூன்று பேர் எடுக்கவில்லை. அவள் திரும்பத் திரும்பப் போட்டாள். எடுத்தவர்களிடமெல்லாம் அவள் முதலில் சொன்னது ஒரே வாக்கியம்தான். கேமரா என்றால் அறையாம்டி.

மறுநாள் வகுப்பில், அவள் நடுங்கிக்கொண்டே உள்ளே போனதை அவர் டீச்சரிடம் சொன்னார். அடுத்த இரண்டு மாதத்தில் ஏழு பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அண்ணன் சண்டை போட்டானே, அந்தப் பெண்ணும் வந்தாள். அந்த அண்ணனே பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றான்.

தீர்ப்பு நாளில் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். கல்யாணமானவள் கைக்குழந்தையோடு வந்தாள். மேனேஜருக்கு மூன்று வருடச் சிறை என்று ஜட்ஜ் அம்மா வாசித்தபோது யாரும் சத்தம் போடவில்லை. வெளியே வேப்பமரத்தடிக்கு வந்த பிறகுதான் அது வெடித்தது. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். ஒருத்தி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தமயந்தி ஒரு கிலோ ஜிலேபி வாங்கி வந்து, மரத்தடியில் நின்ற எல்லாருக்கும் கொடுத்தாள். வேறு எந்த வழக்குக்கோ வந்திருந்த கிழவர்களுக்கும் கொடுத்தாள். கோட்டைச்சாமிக்கு இரண்டு. குழந்தை கையில் ஒட்டிய ஜிலேபிப் பாகை யார் சட்டையில் துடைத்தது என்பது பற்றி ஒரு பெரிய சண்டையும் நடந்தது.

அவர்கள் பஸ் ஏறிப் போகும்வரை அவர் நிறுத்தத்திலேயே நின்றார். ஜன்னல் ஜன்னலாகக் கை ஆட்டினார்கள்.

மறுநாள் காலை அவர் வகுப்புக்கு வந்தபோது எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தது. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. அவர் கூச்சத்தோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

டீச்சர் அன்றைக்கு ஆங்கிலச் சொல்லை எடுக்கவில்லை. சாட்சி என்று பலகையில் எழுதினார். வடமொழியில் 'ஸ' என்றால் கூட, 'அக்ஷி' என்றால் கண். கண்ணோடு இருப்பவர் சாட்சி என்றார்.

வகுப்பு கலைந்த பிறகு கோட்டைச்சாமி பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஏதோ ஒன்று அவரை அரித்துக்கொண்டிருந்தது.

கோர்ட்டில் அந்தக் கேமராவை ஒரு பாலிதீன் பையில் போட்டு, ஒரு நம்பர் ஒட்டி மேசைமேல் வைத்திருந்ததை அவர் பார்த்தார். அதற்கும் கண் இருக்கிறது. நடந்தது எல்லாவற்றையும் அது பார்த்தது. தேதி, மணி, ஒன்றையும் மறக்கவில்லை. தமயந்திக்குத் தேதிகள் மறந்துபோயிருந்தன, அதை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் அவளைத் திணறடித்தார் என்று அரசு வக்கீல் அம்மாள் பிறகு சொன்னார்.

"அப்படி இருந்தும் அதைப் பொருள்னு எழுதினாக. அந்தப் பொண்ணைத்தான் சாட்சின்னு எழுதினாக," என்றார். "அவளைவிட அதிகமாப் பாத்தது அதுதான? அது ஏன் சாட்சி ஆகலை, டீச்சர்?"

டீச்சர் கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"கூண்டுல ஏறும்போது அதுக்குக் கால் நடுங்கலையே, ஐயா."